இரண்டு தெரு தள்ளி, இடப்பக்கம்

மெக்சிகோ நகரத்துக்கு நான் வந்தது
மண் படிக்க.
ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர்
ஆண்டுக்கு எத்தனை விரற்கடை அமிழ்கிறது என்று
கணக்குப் போடும் படிப்பு.
ஹெல்சின்கியில் எங்கள் வீடு
கருங்கல்லின் முதுகில் நிற்கிறது.
அப்பாவின் கருத்துகளைப் போல
அசையவே அசையாது.

சனிக்கிழமைதோறும் ஊர் பார்க்கக் கிளம்புவேன்.
பட்டியல் இருந்தது, முப்பத்தொரு இடம்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்,
கரன்ட் பில்லுக்குக் கீழே.
அறைத்தோழி யுனுவேன் பல் மருத்துவம் படிக்கிறவள்,
இந்த ஊரிலேயே பிறந்தவள்.
முப்பத்தொன்றில் அவள் பார்த்தது நான்கு.
"எங்கே ஓடியா போயிடும்?" என்பாள்.
"அமிழ்ந்து போயிடும்" என்பேன்.

மெட்ரோவில் நிலையத்துக்கு ஒரு படம்:
வெட்டுக்கிளி, வாத்து, பீரங்கி, மணி.
எழுத்துத் தெரியாதவர்களுக்காக வரைந்ததாம்.
முதல் மாதம் அந்த எழுத்துத் தெரியாதவள்
நான்தான்.
வாத்தில் ஏறி வெட்டுக்கிளியில் இறங்கினேன்.

அருங்காட்சியகத்துக்கு மூன்று பேரிடம் வழி கேட்டேன்.
பலூன்காரர் வலப்பக்கம் என்றார்.
போலீஸ்காரர் நேரே என்றார்.
சீருடைப் பையன் ஒருவன்
நான் வந்த வழியையே காட்டினான், மிகுந்த பணிவோடு.
தெரியாது என்று சொல்வது
இங்கே விருந்தாளிக்குக் கதவைச் சாத்துவது மாதிரி.
அன்று அருங்காட்சியகம் பார்க்கவில்லை.
பூங்காக் குளத்தில் துடுப்போடு மல்லாடிய
இரண்டு கன்னியாஸ்திரீகளைப் பார்த்தேன்.
படகு வட்டமடித்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

பேராலயத்தில் உச்சியிலிருந்து
ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது.
கட்டடம் சாயச் சாய
கீழே அதன் முனை இடம் மாறும்.
எல்லோரும் பொன் பீடத்தைப் படமெடுக்க
நான் தரையை எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.
"இது என்ன, தரையா?"
"தரைதான்."

பதினேழாவது இடத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த காலையில்
தெருவெங்கும் ஒலிபெருக்கி ஊளையிட்டது.
பழைய மெத்தை வாங்கும் வண்டி என்று நினைத்தேன்.
யுனுவேன் பல் துலக்கும் நுரையோடு
என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.
நான்கு மாடிப் படி.

தெருவில் மொத்தக் கட்டடமும் வந்து நின்றது.
வீட்டுக்காரி ஒர்தென்சியா, கூண்டோடு கிளி.
பாதி முகம் மழித்த வக்கீல்.
ராத்திரியெல்லாம் நாங்கள் சபிக்கிற
மூன்றாம் மாடி டிரம்காரன்,
இத்தனை ஒல்லியா அவன்?
காலில் செருப்பு கூட இல்லை.
கம்பிகள் ஊஞ்சலாடின.
படித்ததெல்லாம் பாதத்துக்கு அடியில்:
களிமண், அதற்குள் நீர், அதற்குள் அலை.
ஒரு சமன்பாடும் நினைவுக்கு வரவில்லை.

நின்றது.
கிளி மட்டும் நிறுத்தவில்லை,
ஒலிபெருக்கியின் ஊளையை அப்படியே
திரும்பத் திரும்பக் கூவியது.
முதலில் சிரித்தது வக்கீல்.

யாரும் உள்ளே போகவில்லை.
ஃபிதென்சியோ தாக்கோ வண்டியின் அடுப்பை
மறுபடி பற்றவைத்தார்.
டிரம்காரனுக்கு யாரோ செருப்பு கொடுத்தார்கள்,
பெண்கள் செருப்பு, ஊதா நிறம்.
"உன் பேர் என்னம்மா?"
ஏழு மாதத்தில் முதல் தடவை ஒர்தென்சியா கேட்டார்.
வென்லா என்றேன்.
"பென்லா" என்றார்.
இந்த ஊர் நாக்கில் வகரம் தங்காது.
சரி என்றேன். பென்லா.

டிக்கெட் காலாவதியானது.
பட்டியலைத் திருப்பி
ஃபிரிட்ஜுக்கு மேலே விழுந்த விரிசலில் ஒட்டி
அதன் ஓரத்தில் தேதி போட்டு வந்தேன்.
விரிசல் வளர்ந்தால் தெரியும்.

ஊருக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தபோது
தபால் நிலைய வாசலில் ஒரு தம்பதி,
தொப்பி, வரைபடம், வெயிலில் சிவந்த மூக்கு.
ஏதோ ஒரு தேவாலயம் கேட்டார்கள்,
நான் கேள்விப்படாத பெயர்.
வாய் தானாகத் திறந்தது:
"இரண்டு தெரு தள்ளி, இடப்பக்கம்."
நன்றி சொல்லிப் போனார்கள்.

மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.
அங்கே சாவி செய்யும் கடை.
சாவிக்காரர் வெளியே வந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மிகுந்த பணிவோடு
நான் நின்ற திசையைக்
காட்டிக்கொண்டிருந்தார்.